பசிபிக் காற்றும் ஒரு பிடி பொரியும்

காற்றோடு சண்டை போடுகிற மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா? நான் இந்தத் தை மாதம் பார்த்தேன். ஸ்ரீபெரும்புதூரில், ஒரு கல்யாண மண்டபத்து ஆபீஸ் ரூமில், கையில் போன் ரிசீவருடன்!

அவர் என் நெடுநாள் நண்பர் வரதன். தண்டலத்துப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். மறுநாள் காலை அவர் மகள் சுமதிக்குக் கல்யாணம். அதற்கு வரவேண்டிய மகன் முரளி — சான்பிரான்சிஸ்கோவில் கம்ப்யூட்டர் வேலை — சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"காத்தா? இன்னாடா சொல்றே? காத்தடிச்சா ஏரோப்ளேன் லேட்டாவுமா? நம்ம ஊரு டவுன் பஸ்ஸே மழை, காத்துன்னு பாக்காம வந்துடுதுடா!"

வழக்கமாக அமெரிக்கப் பிள்ளைகள் லண்டன், பம்பாய் என்று அந்தப் பக்கமாகத்தான் ஊருக்கு வருவார்கள். வளைகுடாவில் குண்டு விழ ஆரம்பித்ததும் வரதன் ஆடிப்போய்விட்டார். "அந்தப் பக்கமே தலைவெச்சிப் படுக்காதே. இப்படிச் சுத்திக்கினு வா" என்று பசிபிக் கடல் வழியாக டிக்கெட்டை மாற்ற வைத்தார். பிள்ளை குண்டுக்குத் தப்பிக் காற்றிடம் மாட்டிக்கொண்டான்.

நடந்தது இதுதான். சான்பிரான்சிஸ்கோவில் ஏறினால் ஹாங்காங் வரை விமானம் எங்கும் நிற்காது. அன்றைக்கு வழியெல்லாம் பேய்த்தனமான எதிர்காற்று. எரிபொருள் போதாது என்று பைலட் ஜப்பானில் இறக்கி, நிரப்பிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். அந்தத் தாமதத்தில், ஹாங்காங் வழியாக முரளி சிங்கப்பூர் வந்து சேர்வதற்குள், அங்கே அவன் ஏறவேண்டிய மெட்ராஸ் விமானம் பறந்தே போய்விட்டது. அடுத்தது மறுநாள் காலையில்தான் மீனம்பாக்கம் வரும். முகூர்த்தமும் காலையில்தான்.

அண்ணன்காரன் கொஞ்சம் லேட்டாக வந்தால் என்ன, குடியா முழுகிவிடும் என்று கேட்பீர்கள். முழுகிவிடும் போலத்தான் இருந்தது. தாலி கட்டியானதும் பெண்ணின் கைகளில் பொரியை அள்ளிப் போடவேண்டியவன் அவள் உடன்பிறந்தவன். அதை அவள் அக்னியில் இடவேண்டும். சுமதிக்கு உடன்பிறப்பு முரளி ஒருவன்தான். பெரியப்பா மகன் போடட்டுமே என்று யாரோ சொல்ல, பெண் ஒரே அழுகை. "அண்ணன் போட்டாத்தான் வாங்குவேன். வேற யாரு கையாலயும் வேணாம்!"

போனை வைத்த வரதன் அதையே முறைத்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"யோவ்... ஆடி மாசத்துல தண்டலத்துலருந்து பிள்ளைப்பாக்கம் வூட்டுக்கு சைக்கிள் மிதிப்பேன் பாரு. மிதிச்சிக்கினே இருப்பேன், ரோடு நவுறாது. அந்த மாதிரியா?"

"அந்த மாதிரிதான்" என்றேன். எனக்கென்ன தெரியும்? ஏதோ அவர் மனசு ஆறட்டுமே என்றுதான்.

மறுநாள் காலை கெட்டி மேளம் கொட்டியது. தாலி ஏறியது. வரதன் அட்சதை போட்ட கையோடு வாசலுக்கு ஓடினார். கார் எதுவும் இல்லை. புரோகிதர் பொரித் தட்டை எடுத்து முன்னால் வைத்து, "பொண்ணோட சகோதரன் யாரு? வாங்கோ" என்றார். பெரியப்பா மகன் வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்தான். சுமதி தலையை ஆட்டினாள்... கூடாது என்று.

மாப்பிள்ளை வீட்டார் பக்கம் முணுமுணுப்பு. "எத்தினி நேரம் குந்திக்கினு இருக்கிறது?" என்று ஒரு குரல் கேட்கவே கேட்டது. வரதன் முகத்தில் ஈயாடவில்லை. அப்போதுதான் மாப்பிள்ளை, அதுவரை வாயே திறக்காத அந்தப் பையன், புரோகிதரிடம் குனிந்து சொன்னார்.

"சாமி, இன்னும் ரெண்டு கரண்டி நெய் ஊத்துங்க. நெருப்பு பாட்டுக்கு எரியட்டும். மச்சான் வந்துடட்டும்."

அடடா! எனக்கு எழுந்துபோய் அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. நெய் விழுந்தது. மந்திரம் நீண்டது. முதல் பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தார்கள்... வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது.

கசங்கிய பேண்ட்டும் சிவந்த கண்ணுமாக முரளி இறங்கினான். குழாயடியில் கால் கழுவி, பேண்ட்டுக்கு மேலேயே வேட்டியைச் சுற்றிக்கொண்டு மேடைக்கு ஓடினான். வரதன் அவன் தோளைப் பிடித்து நிறுத்திக் கேட்ட முதல் கேள்வி: "இன்னாடா... காத்து வுட்டுச்சா?"

முரளி சிரித்தான். பொரியை அள்ளினான். அவசரத்தில் பாதி கீழே சிந்தியது. மீதியைச் சுமதி அழுதுகொண்டே ஏந்திக்கொண்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். எதிர்காற்றென்றால் விமானம் குலுங்கித் தள்ளியிருக்குமே?

"இல்ல மாமா. காபி கூட சிந்தல. ப்ளேன் எப்பவும் போற வேகத்துலதான் போச்சு. ஆனா அது மிதக்கிற காத்தே மொத்தமா பின்னாடி ஓடிக்கினு இருந்தா?"

மேகத்துக்கும் மேலே ஒரு ஆறு ஓடுகிறதாம், முழுக்க முழுக்கக் காற்றாலேயே ஆன ஆறு. மேற்கிலிருந்து கிழக்கே... ஜப்பானைத் தாண்டி, பசிபிக் முழுவதையும் கடந்து. வடக்கே குளிர் ஏற ஏற அதற்கு வேகம். நம் தை மாதத்தில் அது தலைகால் தெரியாமல் ஓடும். கரையும் இல்லை, பாலமும் இல்லை. இன்று ஓடிய இடத்தில் நாளை ஓடாது. அதனால் தினம் தினம் காற்றைப் பார்த்துத்தான் பாதை போடுவார்களாம். நேற்று போன வழியில் இன்று போகமாட்டார்கள்.

"அப்போ நேர் வழின்னு ஒண்ணு கிடையாதா?" என்றேன்.

முரளி தாம்பூலப் பையிலிருந்து தேங்காயை எடுத்தான். ஒரு வாழை நாரை அதன் மேல், இது சான்பிரான்சிஸ்கோ, இது ஹாங்காங் என்று இரண்டு இடத்துக்கு நடுவே இழுத்துப் பிடித்தான். நார் தானாக வழுக்கி, வடதுருவம் போலிருந்த குடுமிப் பக்கம் மேலேறி நின்றது. மேப்பில் பார்த்தால் அலாஸ்கா வரை வளைந்து போகிற சுற்றுவழிதான் உருண்டையின் மேல் குறுக்குவழி. எதிர்காற்று மிஞ்சினால் அந்தக் குறுக்குவழியையும் விட்டுவிட்டு, நிஜமாகவே சுற்றிக்கொண்டு வந்தால்தான் சீக்கிரம் வரலாமாம்!

எனக்குப் புல்லரித்துவிட்டது. நான் இத்தனை நாளும் டிக்கெட்டில் அச்சடித்த மணிக்கு விமானம் வருகிறது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்? பூமி உருண்டையாக இருப்பதும், வடதுருவம் குளிர்வதும், இத்தனாம் பெரிய கடலின் மேல் காற்று புரள்வதும் சேர்ந்துதான் ஒரு பிள்ளை எப்போது வீடு வந்து சேருவான் என்று முடிவு செய்கின்றன. நாமோ முகூர்த்தப் பத்திரிகை அடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

லீவு தீர்ந்து முரளி புறப்பட்ட அன்று நானும் மீனம்பாக்கம் போயிருந்தேன். டிராலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகப் போனவனை வரதன் நிறுத்தினார்.

"டேய், இப்பவும் அந்தக் காத்து இருக்குமா? போறப்பவும் ஏரோப்ளேன் நடுவுல நிக்குமா?"

"இல்லப்பா. போறப்ப அது முதுகுப் பக்கம். தள்ளிக்கினு போவும். வந்ததை விட ரொம்ப சீக்கிரம் போய்ச் சேர்ந்துடுவேன், பயப்படாதே."

தைரியம் சொல்வதாகத்தான் அவன் நினைத்தான். கையை ஆட்டிவிட்டுக் கண்ணாடிக் கதவுக்குள் போய்விட்டான். வரதன் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வர்ற புள்ளைய மறிக்குது, போற புள்ளையத் தள்ளிவுடுது... இன்னா காத்துய்யா அது!"