மஞ்சள் வயர் மாறிய ஞாயிற்றுக்கிழமை

போன வாரம் புது டிவி வந்தது. மாட்ட வந்த பையன் அதைச் சுவரில் தொங்கவிட்டுவிட்டு, "சேச்சி, இதில் கணெக்ட் செய்யான் வேறெ எந்தெங்கிலும் உண்டோ?" என்று, இணைக்க வேறு ஏதாவது இருக்கிறதா என மலையாளத்தில் கேட்டான். பின்னால் எட்டிப் பார்த்தேன். வரிசையாகத் துளைகள், ஒரு கல்யாணக் கோஷ்டியையே அதில் தங்கவைக்கலாம். "ஒண்ணும் இல்லை" என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. பையன் போன பிறகும் புதுப் பிளாஸ்டிக் வாசனை கூடத்தை விட்டுப் போகவில்லை.

பழைய டிவிக்கு வேறு வாசனை. சூடேறிய தூசியும் கொஞ்சம் கரப்பான் மருந்தும் கலந்தது. திருவனந்தபுரம் வலியசாலையில் எங்கள் வீட்டார் எல்லோரும் டிவியின் முகத்தைப் பார்த்தார்கள். நான் முதுகைப் பார்த்தேன். அது சுவரலமாரிக்குள் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், பின்னால் நுழைகிற கை வீட்டிலேயே என்னுடையது ஒன்றுதான். கல்லூரியில் பௌதிகம் படிக்கிறவள் என்பதால் வயரும் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. நான் பௌதிகத்தில் வாங்கிய மார்க்கை இங்கே சொல்லப்போவதில்லை.

அந்த முதுகில் மூன்றே துளை. மஞ்சளில் படம், சிவப்பிலும் வெள்ளையிலும் சத்தம். ஒரு நேரத்தில் ஒரு பெட்டிதான் பிழைக்கலாம். எங்களிடமோ இரண்டு இருந்தன. மஸ்கட்டிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த வீடியோ கேசட் டெக் ஒன்று. துபாயிலிருந்து அத்திம்பேர், அதாவது அத்தையின் கணவர், கொண்டுவந்த சிடி பிளேயர் ஒன்று.

வளைகுடாவில் உறவு வைத்திருந்த திருவனந்தபுரத்து வீடுகளுக்கு அப்போது எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கொடுத்தவர் படியேறும்போது கொடுத்தது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அவர் தந்த சென்ட்டைப் பூசிக்கொண்டு, அவர் தந்த ஃபிளாஸ்கிலிருந்து அவருக்கே காப்பி ஊற்ற வேண்டும். அடுத்தவர் தந்ததெல்லாம் அதற்குள் பரண் ஏறிவிட வேண்டும். எங்கள் வீட்டில் இந்தச் சட்டம் கொஞ்சம் கடுமை. காரணம் அண்ணா. பி.காம் முடித்துவிட்டு வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருந்தான். இரண்டு பேருமே அவனுக்கு விசா அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

"ரெண்டு பேரும் நமக்கு வேணும் கேட்டியா. எவர் கை ஓங்கும்னு யார் கண்டா?" என்பார் அப்பா.

சித்தப்பா டெக்கோடு ஒரு கேசட்டும் கொடுத்திருந்தார். மஸ்கட்டில் அவர் பிள்ளையின் பிறந்தநாள். ஒவ்வொரு லீவிலும் அதைப் போடுவோம். கேக் வெட்டியதும் "அடடா, என்ன அழகு!" என்று அம்மா காப்பியோடு வந்துவிடுவாள், டெக் அணைந்துவிடும். கேக்குக்கு அப்புறம் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. கொடுத்தவரும் பார்த்ததில்லை என்பதுதான் விசேஷம்.

ஒரு கோடையில் இரண்டு பேரும் ஒரே ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவதாகச் சொல்லிவிட்டார்கள். சித்தப்பா முதலில் வந்தார். பிறந்தநாள் ஓடியது. கேக் வெட்டுகிற சமயம் தெருமுனையில் அத்திம்பேரின் ஆட்டோ நின்றது. ஜன்னலிலிருந்து அண்ணா கையைக் காட்டினான்.

"வாங்கோ, கொல்லையில சக்கை பழுத்திருக்கு, வந்து பாருங்கோ" என்று அம்மா சித்தப்பாவைப் பலா மரத்தடிக்குக் கிளப்பிக்கொண்டு போனாள். கோயிலில் திரை போட்டு அலங்காரம் மாற்றுவார்களே, அந்த அவசரம் எனக்கு. ஓடுகிற டெக்கை அப்படியே ஒரு வேஷ்டியால் மூடினேன். சிடி பிளேயரை இழுத்து, அத்திம்பேர் பெண்ணின் துபாய் அரங்கேற்றத்தைப் போட்டேன். மஞ்சள் வயரை மாற்றினேன். சிவப்பிலும் வெள்ளையிலும் கை வைப்பதற்குள் அத்திம்பேர் கூடத்துக்கே வந்துவிட்டார்.

"ஓ, நம்ம கொச்சோட டான்ஸா!" என்று மகளைத் திரையில் கண்டு முகம் மலர உட்கார்ந்தார்.

திரையில் அந்தப் பெண் அபிநயம் பிடித்தாள். சத்தமோ சித்தப்பாவின் கேசட். கேக்கைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. எவனோ கேமராவை அணைக்காமல் மேஜையில் வைத்திருக்க வேண்டும். சித்தப்பாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"எங்க அண்ணா பையனுக்கு விசா சரியாக்கறேன்னு சொல்லியாச்சு. எங்கேர்ந்து தர்றது? என் வேலையே இன்னும் எத்தனை நாளைக்கோ."

"பின்னே எந்தினா சொன்னே?" என்று காரணம் கேட்டது ஒரு சிநேகிதர் குரல்.

"ஒண்ணும் சொல்லாம, ஒண்ணும் கொடுக்காம எப்படிடா அந்தாத்துப் படி ஏறறது?"

பெண் கன்னத்தில் விரல் வைத்து ஆச்சரியம் காட்டினாள். பொருத்தமாகத்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தால், பின்கட்டு வாசலில் சித்தப்பா. கையெல்லாம் சக்கைப் பிசின். எங்கே துடைப்பது என்று தெரியாமல் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். நான் டெக்கை அணைத்தேன். இப்போது நினைத்தாலும் அந்தக் கைகள்தான் கண்ணில் நிற்கின்றன.

அத்திம்பேர் தொண்டையைக் கனைத்தார். "எங்க கம்பெனியிலயும் ஆள் எடுக்கறதில்லை. நானும் சும்மா சொல்லிண்டிருந்தேனாக்கும்" என்றார், தரையைப் பார்த்து.

முதலில் சிரித்தவன் அண்ணாதான். தூக்குத் தண்டனை ரத்தானவன் மாதிரி சிரித்தான். அப்பா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து, சித்தப்பாவின் கைப்பிசினைத் தானே தேய்த்து எடுத்தார். "இனிமே வரச்சே ஒண்ணும் கொண்டுவராதே. நீ வந்தாப் போரும்" என்றார். அதைவிட அன்பாக அப்பா யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை.

அண்ணா ஆரியசாலையில் ஒரு பலசரக்கு மொத்தக்கடையில் கணக்கெழுதச் சேர்ந்தான், நன்றாகவே இருந்தான். அத்திம்பேருக்குத் தோல் கொஞ்சம் கெட்டி. வழக்கம்போல வந்தார், அடுத்த முறை ஒரு மிக்ஸியோடு.

சித்தப்பா அப்பா சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார். அடுத்த லீவில் வெறுங்கையோடு வந்தார். வாசலில் நின்றபடியே பேசினார், உள்ளே கூப்பிட்டதற்கு ஆட்டோ காத்திருக்கிறது என்றார். அதற்கடுத்த லீவில் அவர் மாமனார் வீட்டிலிருந்து போன் மட்டும் வந்தது. பிறகு அதுவும் இல்லை. விசா கிடைக்காததில் எங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அந்தப் பொய் போனதுதான் நஷ்டம். அது இருந்தவரை வருஷத்துக்கு ஒரு தடவையாவது சித்தப்பா எங்கள் வீட்டுப் படி ஏறிக்கொண்டிருந்தார்.