நல்லதண்ணிக் கிணற்றுத் தெய்வாத்தாள்

மாடு பூட்டி இறைக்கும் கவலையின் சால் மேலேறித் தொட்டியில் கவிழும் இடத்தில் ஒரு வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்து நிற்கிறார் தெய்வாத்தாள். ஒவ்வொரு சாலுக்கும் துணியை விரலால் துழாவிப் பார்ப்பார். தழை, கல்துணுக்கு, தலைப்பிரட்டை. இல்லை என்று அவர் தலையை அசைத்த பிறகுதான் கணவர் காளிச்சாமி மாடுகளைப் பின்னுக்கு நடத்துவார். காங்கேயத்துக்குத் தெற்கே இந்தத் தோட்டத்தில் வைகாசியிலிருந்து இதுதான் காலை வேலை. தேடுவது விரல் நீளத்தில் ஒரு மீனை.

தெய்வாத்தாளுக்கு ஐம்பது நெருங்குகிறது. மாட்டையும் கன்றையும் 'கண்ணு' என்பார். பெற்ற மகளை 'ஏ புள்ள' என்பார். கோபம் வந்தால் ஊரில் மற்றவர்கள் மரியாதையைக் குறைப்பார்கள். இவர் கூட்டுவார். "வாங்க, உக்காருங்க, சாப்புடுங்க" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால், வந்தவர் செருப்பைக் கழற்றாமலே திரும்பிவிடுவது நல்லது என்கிறாள் மகள் கருப்பாத்தாள்.

சுற்றிலும் உப்புத்தண்ணீர்க் கிணறுகள். இது ஒன்றுதான் நல்லதண்ணீர். அக்கம்பக்கத்துத் தோட்டத்துப் பெண்களெல்லாம் குடத்தோடு இங்கேதான் வருவார்கள். போன கோடையில் கிணற்றை ஆழப்படுத்த வெடி வைத்தபோது, பக்கவாட்டுப் பாறையில் ஒரு வெடிப்பு திறந்து ஊற்று பாய்ந்தது. ஊற்றோடு ஒரு மீனும் வந்து விழுந்தது. வெளிறிய ரோஜா நிறம், உதட்டோரம் மீசை, கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல்.

செய்தி எட்டி, கோயமுத்தூர்க் கல்லூரியில் பிராணி நூல் சொல்லித் தரும் வாத்தியார் நரசிம்மலு பஸ் ஏறி வந்தார். மீனைத் தட்டில் கிடத்தி அளந்தார், பூதக்கண்ணாடியில் பார்த்தார், துடுப்பின் முள்ளை எண்ணினார், படம் வரைந்துகொண்டார். பாறை இடுக்கின் இருட்டிலேயே பிறந்து வளரும் மீனாக இருக்கலாம், இதைப் பற்றி இதுவரை யாரும் எழுதியதில்லை என்று குழந்தை போல மகிழ்ந்தார். தெய்வாத்தாளுக்கும் பெருமைதான். இளநீர் வெட்டிக் கொடுத்தார். தண்ணீருக்கு மட்டும் வாத்தியார் கையோடு கூஜா கொண்டுவந்திருந்தார்.

பிறகு அது பத்திரிகையில் வந்தது. காங்கேயம் காப்பிக் கடையில் ஒருவர் உரக்கப் படித்தார். மீனின் நீளம் இருந்தது, நிறம் இருந்தது, தோட்டத்தின் பெயரும் இருந்தது. அந்தத் தண்ணீரைக் குடிக்கும் மனிதர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

புதுக் கிணறு வெட்டினால் கெண்டைக் குஞ்சு விட்டுப் பார்ப்பது இந்தப் பக்கத்து வழக்கம். மீன் பிழைத்தால் தண்ணீர் நல்லது. அப்படிப் பழகியவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? மீனின் கண்ணைத் தின்ற தண்ணீர் மனிதர் கண்ணை விடுமா என்றார்கள். குடங்கள் ஒவ்வொன்றாக நின்றன. இப்போது பெண்கள் இந்த வேலியோரமாகவே நடந்து எங்கேயோ தொலைவில் போய் எடுத்து வருகிறார்கள்.

தாராபுரத்திலிருந்து கருப்பாத்தாளைப் பெண் பார்க்க வந்தவர்கள் வேண்டுமென்றே பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் மடியிலிருந்து ஊசியும் நூலும் எடுத்து, கோத்துத் தரச் சொன்னாள். கருப்பாத்தாள் ஒரே தடவையில் கோத்துக் கொடுத்தாள். "ரோசிச்சுச் சொல்லி அனுப்பறோமுங்க" என்று போனவர்கள் போனவர்கள்தான். தெய்வாத்தாள் அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறார். "காத்தால பாக்க வந்த புள்ளைய, இருட்டுற வெரைக்கும் உக்கார வெச்சு ஊசி கோக்கச் சொன்னாளுங்க."

வைகாசியில் வாத்தியார் மறுபடியும் வந்தார், இன்னொரு மீன் கேட்டு. அன்று 'ங்க'வுக்குக் குறைவில்லை.

"பொறப்புலயே அதுக்குக் கண்ணில்லீங்க, தண்ணி ஒண்ணும் பண்ணலீங்கன்னு ஒரு வரி எழுதக் கூடாதுங்களா, வாத்தியாருங்க?"

ஒரே மீனை வைத்து அப்படிச் சொல்ல முடியாது, அது மட்டும் ஊனமாகப் பிறந்திருக்கலாம், இன்னும் சில கிடைத்து எல்லாம் ஒன்றுபோல் இருந்தால்தான் புது இனம் என்று பெயர் வைக்கலாம் என்றார் அவர்.

"உங்களுக்கே நிச்சயமில்லாததப் பேப்பர்ல மட்டும் போடலாமுங்களா?"

கல்கத்தாவில் வெளிவரும் ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு விவரமாக எழுதப் போகிறேன், இங்கிலீஷில் அச்சாகி வர ஒரு வருஷம் ஆகும் என்று மெல்லச் சொன்னார்.

"அப்ப இங்கிலீசு படிக்கற மாமியாக்காரி ஒருத்தியப் பாத்துச் சொல்லுங்க. அந்த ஊட்டுக்கே கட்டிக் குடுத்துர்றனுங்க."

தெய்வாத்தாள் ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு வைத்தார். வாத்தியார் அதைத் தொடவில்லை. வாந்திபேதிக் காலம், காய்ச்சிய தண்ணீர்தான் என்று கூஜாவைக் காட்டினார்.

"எங்க கெணத்து மீனு வேணும், தண்ணி வேண்டாமுங்களா? மீனை நான் புடிச்சு வெக்கறனுங்க. நாலு பேரு பாக்க இந்தத் தண்ணியக் குடிச்சுப்போட்டு எடுத்துட்டுப் போங்க."

அன்று கட்டியதுதான் அந்த வெள்ளைத் துணி.

போன வாரம் துணியில் முதல் மீன் சிக்கியது. குண்டாவில் விட்டு, சாக்கால் மூடிக் குதிர்ப்பக்கம் வைத்து, ஆள் சொல்லி அனுப்பினார். வாத்தியார் ஞாயிறு காலை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். கவலை ஓடிக்கொண்டிருந்தது. கிளுவை வேலிக்கு அப்பால் குடம் சுமந்து வந்த பெண்கள் கோயமுத்தூர்க்காரரைப் பார்த்து நின்றார்கள். தெய்வாத்தாள் குண்டாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து சாக்கை விலக்கிக் காட்டினார். மீன் மீசையால் விளிம்பைத் தடவித் தடவிச் சுற்றிக்கொண்டிருந்தது. இதற்கும் கண் இல்லை. வாத்தியாரின் இரண்டு கைகளும் தாமாக முன்னே வந்தன.

தெய்வாத்தாள் குண்டாவைக் கொடுக்காமல் தன் பக்கமாகக் கீழே வைத்தார். வாத்தியார் கீழே வைத்திருந்த கூஜாவை எடுத்தார். மூடியைத் திருகி, கோயமுத்தூரில் காய்ச்சிய தண்ணீரைத் தென்னம்பாத்தியில் கடைசிச் சொட்டு வரை கவிழ்த்தார். அடுத்த சால் வந்து கொட்டும்வரை நின்று, அதில் கூஜாவைப் பிடித்து நிரப்பினார். பிறகு அதை வாத்தியாரிடம் நீட்டினார், வேலிப்பக்கம் பார்த்துக்கொண்டே.