வேம்புக்கு வந்த கருகல்

வேம்புக்கு நோயே வராது என்று நம்பிய மடையன் நான். நம்பியதோடு நின்றிருந்தாலும் போகும்; வனக்குழுக் கூட்டத்தில் எழுந்து வேறு பேசிவிட்டேன். சங்கரன்கோவிலிலிருந்து குருவிகுளம் போகிற வழியில் ஒரு தரிசில் காடு வளர்க்கப் பேச்சு நடந்தது. வனவர் அம்மா நாலைந்து வகை மரங்களைக் கலந்து வைக்கச் சொன்னார்.

"ஊருக்கே மருந்து வேம்புதான் மேடம். அத எந்தப் பூச்சி தொடும்?" என்றேன். கை தட்டினார்கள். முக்கால்வாசி வேம்பாகவே வைத்தார்கள்.

ஆள் உயரம் தாண்டி வளர்ந்த பிறகு, இந்தத் தடவை மழை மாதம் தப்பி வந்தது. வானம் மூடியே கிடந்தது. வெயிலை நம்பி நட்ட காட்டில் ஈரம் காயவில்லை. ஒரு காலையில் போய்ப் பார்த்தால், கொழுந்தெல்லாம் தீவட்டி காட்டியதுபோலக் கருகியிருக்கிறது. கொசு மாதிரி ஒரு பூச்சி கொழுந்தில் சாறு உறிஞ்சுகிறது, அந்தக் காயத்தின் வழியே பூசணம் இறங்குகிறது என்றார் வனவர். கருகியதை வெட்டி எரிக்க வேண்டும். பங்குனிக்குள் துளிர்க்காததைத் தூரோடு எடுத்துவிட்டு வேறு மரம் வைக்க வேண்டும்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கோயில் புற்றுமண்ணை வாங்கிவந்து, தண்ணீரில் குழைத்து, மரம் மரமாகப் பூசினேன். சொறி சிரங்குக்கு நாங்கள் பூசிக்கொள்வதுதானே. குழுவில் இருக்கிற பலசரக்குக் கடைக்காரர் வண்டியை நிறுத்திப் பார்த்தார்.

"என்ன வே, மரத்துக்கு மொட்டை எப்பம்?"

"நாளைக்கு. நீரும் வாரும், அருவா தாரேன்."

வந்தார். வெட்டினோம், எரித்தோம். என் கண்ணில் வழிந்தது புகையால்தான் என்று அவரிடம் சத்தியம் செய்தேன்.

அப்புறம் விடிந்தால் ஸ்கூட்டர் தானாக அங்கே போய்விடும். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். "எம் மொகத்த ஒரு நாளாவது இப்படி உத்துப் பாத்திருக்கியளா?" என்றாள் மனைவி.

பங்குனியில் வனவர் வந்தபோது பாதிக்கு மேல் செந்துளிர் விட்டிருந்தது. மற்றவற்றுக்குச் சுண்ணாம்புக் குறி போட்டார். ஒவ்வொரு குறிக்கும், "இன்னும் ஒரு வாரம் பாப்பமே மேடம்" என்று பின்னாலேயே அலைந்தேன். அவர் நிற்கவில்லை. அந்தக் குழிகளுக்குப் புங்கையும் இலுப்பையும் என்றார். இந்தத் தடவை சரி சரியென்று தலையாட்டினேன்.

கிளம்பும்போது அவருடைய பைக்கின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். "துளிர்த்ததுக்கு இனிமே கருகல் வராதுல்லா மேடம்?"

"வரும். வழிய விடுங்க, அண்ணாச்சி."