போயிட்டு வரேன் என்ற சர்வ்லெட்

எம்.சி.ஏ. கடைசிப் பருவத்தில் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். புராஜெக்டில் பாஸானால் சென்னையில் கிடைத்த வேலைக்குப் போகலாம். அரியர் விழுந்தால் செந்துறைக்கே திரும்பி, வந்திருக்கிற வரனுக்குத் தலையாட்ட வேண்டும். வரன்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. வேலைக்குப் போகிற வெறிதான் எனக்கு.

பெரம்பலூர்க் கல்லூரி லேபில் நானும் வரதராஜன்பேட்டைத் தோழி ஒருத்தியும் ஜாவாவில் பஸ் டிக்கெட் முன்பதிவுத் தளம் எழுதியிருந்தோம். ஓடினால் ஜோராக ஓடும். கரண்ட் போய் வந்தால் மட்டும் செத்துவிடும். தளம் ஓடுகிற கணினி சட்டென்று எழுந்துவிடும். விவரங்கள் இருக்கிற டேட்டாபேஸ் கணினி கிழடு, ஆடி அசைந்து எழும். சர்வ்லெட் என்று நாங்கள் சொல்லும் தளத்தின் முக்கியத் துண்டு, கண் விழித்ததும் டேட்டாபேஸைத் தேடும். கிடைக்காது. உடனே பிழையை எறிந்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். பிறகு டேட்டாபேஸே எழுந்து வந்தாலும் ஏறெடுத்துப் பார்க்காது. பெரம்பலூரில் கரண்ட் போகாத நாள் உண்டா? அந்தச் சனியனைத் தூக்கி ஜன்னல் வழியே எறியலாம் போலிருந்தது.

பிழையை எறிகிற வரியில், பிழைச் செய்தியாக நான் விளையாட்டாக 'போறேன்' என்று எழுதியிருந்ததைத் தோழி திரையில் படித்தாள்.

"ஏன்டி, இது என்ன, போறேன்னு எழுதி வெச்சிருக்க? வூட்டை வுட்டுக் கெளம்புறப்ப யாராச்சும் போறேன்னு சொல்லுவாங்களா? போயிட்டு வரேன்னுல்ல சொல்லணும்."

கிண்டலுக்குத்தான் சொன்னாள். எனக்குப் பொறி தட்டிப் புத்தகத்தைப் புரட்டினேன். அந்தப் பிழையை இரண்டு விதமாக எறியலாம் என்று போட்டிருந்தது. வெறுமனே எறிந்தால், தளத்தை ஓட்டுகிற சர்வர் அந்தத் துண்டை ஒரேயடியாகத் தலைமுழுகிவிடும். இத்தனை விநாடி என்று ஓர் எண்ணையும் சேர்த்து எறிந்தால், அதுவரை பொறுத்திருந்து மறுபடி எழுப்பிப் பார்க்கும். எங்கோ இருந்து இதை வடிவமைத்த முகம் தெரியாத யாரோ, போனவர் திரும்பி வருவதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்! எனக்குப் புல்லரித்துப் போயிற்று. எண்ணைச் சேர்த்தேன்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்று வெளியூர்த் தேர்வாளர் எங்கள் கணினி முன்னால் உட்கார்ந்தார், கரண்ட் போயிற்று. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். ஜெனரேட்டர் போட்டார்கள். கணினிகளை எழுப்பிப் பக்கத்தைத் திறந்தால், தற்சமயம் சேவை இல்லை என்று வந்தது. தேர்வாளர் பேனாவை மூடினார்.

"எரர் வருதேம்மா. அடுத்த தடவை பாத்துக்கலாம்."

"கொஞ்சம் இருங்க சார். அதுவே வந்துரும்."

"நீ ஒண்ணும் தொடாமலா?"

"ஆமாங்க சார்."

கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் பக்கத்தைப் புதுப்பித்தார். வரவில்லை. சற்றுப் பொறுத்து அவர் மறுபடி அழுத்தியபோது, பஸ்ஸின் இருக்கைகள் வரிசையாகத் திரையில் வந்து நின்றன. யாரும் எதையும் தொடவில்லை. எழுதியவள் நானே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அவர் இன்னொரு முறை அழுத்திப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அப்பாவைக் கூப்பிட்டேன்.

"பாஸுப்பா."

"மாப்ள வூட்டுக்காரங்க இங்கதான் உக்காந்திருக்காங்க," என்றார் அப்பா தணிந்த குரலில். "நான் வேணாம்னு சொல்லிடுறேன். நீ பொட்டியக் கட்டு."