சாவியைத் தொடாதே

அக்காவுக்கு மஞ்சள் நீராட்டு விழா. தாய்மாமன் சீர் வராமல் அக்காவை மணையில் உட்கார வைக்க முடியாது. அந்தத் தாய்மாமனுக்கோ அப்பாவோடு பேச்சுவார்த்தையே கிடையாது. மாமாவின் கல்யாணப் பேனரில் அப்பாவின் படத்தைக் கீழ்மூலையில், தபால்தலை அளவுக்குப் போட்டுவிட்டார்களாம். அன்றிலிருந்து இருவரும் எதிரெதிரே வந்தால் ஒருவர் மரத்தைப் பார்ப்பார், இன்னொருவர் மாட்டைப் பார்ப்பார்.

அதனால் அம்மா முதல் நாளே என்னை மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். "மாமாவக் கையோட கூட்டிக்கினு வந்துடுடா" என்றாள். மூன்றாம் வகுப்புப் படிக்கிறவனுக்கு அதைவிடப் பெரிய பொறுப்பு வேறென்ன வேண்டும்?

மாமாவிடம் சரக்கு ஏற்றும் குட்டியானை வண்டி இருந்தது. விடிந்ததும் பின்னால் சீர்த்தட்டுகளை அடுக்கி, தார்ப்பாய் போட்டுக் கட்டினோம். பாகூர் தாண்டும்போது மாமா தன் திட்டத்தைச் சொன்னார். "மாலையப் போடறன், சீர எறக்கறன், அப்டியே ரிவர்ஸ் எடுக்கறன். உங்க வூட்டாண்ட இன்ஜினக்கூட ஆஃப் பண்ண மாட்டன் பாரு."

ஏரி நிரம்பி வழிந்து, தரைப்பாலத்தின்மேல் செம்மண் நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அக்கரையில்தான் எங்கள் ஊர். மேளக்காரர்களும் சொந்தக்காரர்களும் குடை பிடித்து நின்றார்கள். நல்ல நேரம் முடிய அரைமணிதான் பாக்கி. கூட்டத்துக்கு முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பா. டிராக்டர் ஓட்டுகிறவர் என்பதால் பார்த்ததுமே ஆழம் தெரிந்திருக்க வேண்டும். வராதே என்று கையை ஆட்டினார். மாமா அந்தக் கையைப் பார்க்காத மாதிரி கியரைப் போட்டார்.

"கெட்டியாப் புடிச்சிக்கடா மாப்ள!"

இரண்டு பக்கமும் தண்ணீர் கண்ணாடி உயரத்துக்குப் பீறிட்டது. நான் போட்ட கூச்சலில் மாமாவும் சேர்ந்துகொண்டார். கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது, என் செருப்பு மிதந்தது. நான் கப்பலில் போனதில்லை. ஆனால் கப்பல் இதைவிட நன்றாக இருக்கும் என்று இன்றுவரை நான் நம்பவில்லை. பாதிப் பாலத்தில், சீட்டுக்கு அடியிலிருந்த இன்ஜின் இருமியது. இன்னொருமுறை இருமியது. நின்றுவிட்டது.

மாமாவின் கை சாவிக்குப் போவதற்குள் அக்கரையிலிருந்து அப்பா கத்தினார்: "சாவியத் தொடாதடா! உள்ள தண்ணி பூந்திருக்கும்!"

பேனருக்குப் பிறகு மாமாவிடம் அப்பா பேசிய முதல் பேச்சு அதுதான். மாமாவின் கை நின்றது. என்னைப் பார்த்தார்.

"இன்னாடா, உங்கப்பா எனக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுக்கறாரா?"

திருகினார். அடியில் ‘கடக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

இன்ஜினுக்குள் புகுந்த தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது, அமுக்கப் பார்த்தால் ராடு வளையும் என்று பின்னாளில் பாலிடெக்னிக்கில் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்கப்போன முதல் ஆள் நான். அன்று வகுப்பில் முதலில் உயர்ந்த கையும் என்னுடையதுதான்.

அப்பா டிராக்டரைத் தண்ணீரில் இறக்கி, வண்டியில் சங்கிலி மாட்டினார். மாமா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தார். இருந்தாலும் அப்பா என்னிடம் சொன்னார்: "ஸ்டேரிங்க நேராப் புடிக்கச் சொல்லுடா."

"புடிக்கறன்னு சொல்லுடா" என்றார் மாமா.

இருவருக்கும் சொன்னேன். மேளம் முழங்க, டிராக்டர் இழுக்க, ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி ஊருக்கே கையசைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். நல்ல நேரம் முடிவதற்குள் மாமா அக்காவுக்கு மாலை போட்டுவிட்டார்.

மத்தியானம் வில்லியனூரிலிருந்து மெக்கானிக் வந்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். "ராடு போச்சுண்ணா. இன்ஜின எறக்கணும். நாலு நாளாவும்."

"நாந்தான் தொடாதன்னு சொன்னன்ல?" என்றார் அப்பா, நேராக மாமாவிடமே.

"நீ சொன்னதாலதான் மாமா தொட்டன்" என்றார் மாமா. அப்பா அவருக்கு மாமா முறை.

மெக்கானிக் முதலில் சிரித்தார். அப்பா அடக்கிப் பார்த்து, முடியாமல் சிரித்தார். பிறகு அப்பாவும் மாமாவும் தலையோடு தலை இடிக்க சீட்டுக்கு அடியில் குனிந்துகொண்டார்கள். என்னை யாரும் எதையும் சொல்லச் சொல்லவில்லை.

அம்மா மெக்கானிக்குக்கு டீ கொண்டுவந்தாள். கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி, "பொறுமையாவே பாரு தம்பி. ஒண்ணும் அவசரமில்ல" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வண்டி இல்லாம மாமா எப்டிம்மா ஊருக்குப் போவாரு?"

அம்மா என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, மறுநாள் இட்லிக்கு இன்னும் இரண்டு படி அரிசி ஊறப்போட உள்ளே போனாள். நான் ஒரு பழைய துணியை எடுத்துவந்து நனைந்த சீட்டைத் துடைக்க ஆரம்பித்தேன். பாவம், அந்த வண்டிக்காகக் கவலைப்பட எங்கள் வீட்டில் என்னைத் தவிர ஒரு ஆளில்லை.