சம்பத்தைக் கூப்பிடுங்கள்

சம்பத்குமார் காலமானார். இரண்டு வாரத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை காலை மைசூரு விஜயநகர் வீட்டில் பூஜைக்குப் பூப் பறித்துக்கொண்டு உள்ளே வந்தவர், நாற்காலியில் உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை. இதை எனக்கு உறுதி செய்தவர் அவர் மனைவி வேதவல்லி. அதற்கு முன்பே ஓய்வுபெற்ற பத்திரிகைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்திருந்தது. கூப்பிய கைகளின் படங்களும் குவிந்திருந்தன. வாட்ஸ்அப்பை ஆதாரமாகக் கொண்டு நான் எதையும் ஏற்பதில்லை. வேதவல்லியை அழைத்தேன். "ஆமாண்ணா, போயிட்டார்" என்றார். அதற்குப் பிறகுதான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அரசியல்வாதிகள் வீட்டுச் சாவுகளுக்கு நிறையப் போய் எழுதியிருக்கிறேன். கூட்டத்தைப் பார்த்ததும் அது தானாக வந்ததா, வரவழைத்ததா என்று எனக்குத் தெரிந்துவிடும். சம்பத் வீட்டு முன்னால் நின்றது தானாக வந்த கூட்டம். பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்காரர் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். "நம்ம டிவி டாக்டர் போயிட்டாரே சார்" என்று கன்னடத்தில் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு அம்மாள், "போன வாரந்தான் வந்து பாத்தாரு, இப்ப எங்கூட்டு டிவி ஜம்முனு ஓடுது" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். சம்பத் பத்திரிகையில் வேலை பார்த்தவர் என்று அங்கே ஒருவரும் பேசவில்லை. எனக்கு இவ்வளவு பேர் வருவார்களா என்று நான் யோசித்தேன். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் வரக்கூடாத யோசனைதான். வந்தது.

நாங்கள் இருவரும் ஒரே நாளிதழின் மைசூரு அலுவலகத்தில் முடி நரைத்தவர்கள். நான் நிருபர், வெளியே சுற்றுகிறவன். அவர் உதவி ஆசிரியர், மேசையை விட்டு எழாதவர். என் பெயர் அச்சில் வரும். அவர் பெயர் வராது. அலுவலகத் தொலைபேசி அடித்தால் பெரும்பாலும் எனக்காகத்தான் இருக்கும். "பழனி, உன் பக்தகோடி" என்று ரிசீவரை நீட்டுவார். அந்த நாட்களில் எங்களில் ஒருவர் மற்றவரைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியிருந்தால், அது அவராகத்தான் இருந்திருக்க வேண்டும். பட்டாரா என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை.

ஓய்வு பெற்றதும் என் தொலைபேசி ஓய்ந்தது. அவருடையது அடிக்கத் தொடங்கியது. விஜயநகரில் பாதி வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். விடுமுறைக்கு வரும்போது சுவர் அகலத்துக்கு ஒரு டிவி வாங்கி மாட்டி, படங்களும் தொடர்களும் வரும் செயலிகளை அதில் போட்டுக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். ஒரு நாள் அந்தச் செயலி திறக்காது. நடுவில் ஒரு வளையம் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்போது ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர், "சம்பத்தைக் கூப்பிடுங்க" என்பார். ஒரு மனிதனின் பெயரை இத்தனை வீடுகளில் இவ்வளவு நம்பிக்கையோடு சொல்வதை நான் கேட்டதில்லை. நிருபனுக்குத் தொலைபேசி அடிப்பதுதான் உயிர். எனக்கும் யாராவது அப்படிக் கூப்பிட வேண்டும் என்று விரும்பினேன். எதற்காக என்பது முக்கியமில்லை.

அவர் வேலை செய்த விதம் உங்களில் பலருக்குத் தெரியும். ரிமோட்டைத் தொடமாட்டார். "எங்கிட்ட குடுக்காதீங்கோ. நான் ஆத்துக்குப் போயிடுவேன், டிவி இங்கதானே இருக்கப் போறது" என்பார். நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேள்வி கேட்பார். கடைசியாக எப்போது ஓடியது? அதற்குப் பிறகு வீட்டில் என்ன மாறியது? ஒரு செயலி மட்டும் நின்றதா, எல்லாமா? அதே செயலி போனில் ஓடுகிறதா? இந்தப் பதில்களிலேயே கோளாறு டிவியிலா, இணையத்திலா, கணக்கிலா என்று பிரிந்துவிடும். பல வீடுகளில் மருந்து மிகச் சாதாரணமானது. சுவரிலிருந்து மின்சார வயரைப் பிடுங்கச் சொல்வார். காபி வந்து, குடித்து, டம்ளரைக் கீழே வைக்கும்வரை சொருக விடமாட்டார். "ரிமோட்ல அணைச்சா டிவி தூங்கற மாதிரி நடிக்கும். பிடுங்கினாத்தான் நெஜமாத் தூங்கும்." பாதி வீடுகளில் அந்தத் தூக்கமே போதுமானதாக இருந்தது. மீதி வீடுகளுக்கு மறுநாளும் போவார்; தன்னால் முடியாமல் போவதா என்ற தற்பெருமை. அடக்கமானவர் என்று அவரைப் பற்றி யாரும் எழுதிவிட வேண்டாம். ஒரு டிவியைச் சரி செய்தால் பூங்காவில் மூன்று பேரிடமாவது சொல்லாமல் இருக்கமாட்டார்.

ஒருமுறை நடைப்பயிற்சிக்கு நடுவில் என்னையும் ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவரும் அவர் மனைவியும் மட்டும் இருக்கும் வீடு.

"ஓடலை சார். ஏதோ வரது, போயிடறது" என்றார் மேலாளர்.

"என்ன வரதுன்னு படிங்கோ. டிவி வாயைத் தொறந்து சொல்றது, கேக்கத்தான் ஆள் இல்லை."

மேலாளர் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஆங்கில வரியைப் படித்தார். இந்தப் பெயர் கணக்கிலிருந்து நீக்கப்பட்டுள்ளது என்பது அதன் பொருள். சம்பத் எழுந்து போய் அந்த வரியைத் தானும் ஒருமுறை படித்தார். பிறகு, "கம்பெனிக்காரா ரூல்ஸை மாத்திண்டே இருக்கா. ஒரு ஆத்துக்கு ஒரு கணக்குங்கறா. உங்க பேர்லயே ஒண்ணு எடுத்துடலாம், ரிமோட்டைப் பிடிங்கோ" என்றார். எடுத்தார்கள். அந்த அம்மாள் மகனைப் பற்றியும், சிட்னியில் அவன் இருக்கும் வீட்டைப் பற்றியும், அவன் இப்போதெல்லாம் சரியாகப் பேசுவதில்லை என்பதைப் பற்றியும் சம்பத்திடம் சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் அவர் பார்வை திரும்பவில்லை.

வெளியே வந்ததும் சம்பத், "அது மாட்டுப்பொண்ணோட கணக்கு, பழனி" என்றார்.

"அப்படின்னா?"

"அப்படின்னா ஒண்ணும் இல்லை கணோ" என்று கன்னட 'டா'வைப் போட்டார். "மேல நட."

மகனும் மருமகளும் பிரிந்த விஷயம் பல மாதங்கள் கழித்துத்தான் அந்தப் பெற்றோருக்கே தெரிந்தது. சம்பத் அதை ஒரு டிவித் திரையில் முதலிலேயே படித்துவிட்டிருக்கிறார். எவரிடமும் சொல்லவில்லை. நான் வேலை பார்த்த காலம் முழுவதும், கதவைத் திறந்தவர்கள் எதையோ பின்னால் மறைத்துக்கொண்டுதான் எனக்குத் திறந்தார்கள். அதைத் துருவி எடுப்பதுதான் என் தொழில். இவருக்கோ அவர்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். கிடைத்ததை அவர் வைத்துக்கொண்டார். எனக்கு எது அதிகம் எரிந்தது, கிடைத்ததா, வைத்துக்கொள்ள முடிந்ததா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். என் மகள் கவிதா அயல்நாட்டில் படித்துப் பட்டம் வாங்கினாள். எங்களால் போக முடியவில்லை. விழா நேரலையாக ஒரு செயலியில் வரும், நமக்குச் சாயங்காலம், பெரிய டிவியில் பாருங்கள் என்றாள். என் மனைவி சரசு அக்கா தங்கைகளைத் தன் பிறந்த ஊரான கௌதள்ளியிலிருந்து வரவழைத்திருந்தாள். எல்லோரும் தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். செயலி திறக்கவில்லை. வளையம் சுற்றியது.

"ஏனுங்க, சம்பத்தண்ணனக் கூப்புடுங்க" என்றாள் சரசு.

"வேண்டாம். நானே பார்க்கிறேன்."

"தம்பி பேப்பர்ல எழுதறவரு. டிவி அவரு பேச்சக் கேக்குமா சரசு?" என்றார் மூத்த அக்கா. பெண்கள் சிரித்தார்கள்.

எனக்குத் தெரிந்ததை நான் செய்தேன். இணைய இணைப்புத் தரும் நிறுவனத்தின் மேலாளரைப் போனில் பிடித்து, நான் யார் என்று சொல்லி மிரட்டினேன். அவர் பணிவாக, "லைன் சரியா இருக்கு சார்" என்றார். உண்மைதான். என் போனில் அதே இணையத்தில் விழா அரங்கம் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அந்தச் சின்னத் திரையை அத்தனை பேரும் எட்டிப் பார்க்க முடியாது. நான் டிவிக்குப் பின்னால் வயர்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது சரசு சமையலறைக்குள் போய்க் கூப்பிட்டுவிட்டாள். ஸ்கூட்டர் சத்தம் கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது.

சம்பத் உட்கார்ந்தார். "கடைசியா எப்போ ஓடித்து?"

"நேற்று."

"அப்பறம் என்ன மாறித்து?"

"ஒன்றும் மாறவில்லை."

"ஒண்ணும் மாறலைன்னு சொல்றவன் பிரஸ் மீட் குடுக்கற அதிகாரி. அவனை விட்டுட்டு ஆபீஸ் பியூனைக் கேளுன்னு எனக்குச் சொன்னவனே நீதானே?" என்றவர் சரசு பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா."

"மத்தியானம் கரண்டு போயிப் போயி வந்துதுங்கண்ணா. அப்பறம் டிவியப் போட்டா, மூலையில ஏதோ பழைய தேதி காட்டுச்சு. நம்ம கவிதா பள்ளிக்கூடம் போன காலத்துத் தேதியாட்டம் இருந்துச்சுங்க."

"அப்படிப் போடு. செட்டிங்ஸ்ல போ, நேரம்னு இருக்கும் பாரு. நீயே போ. தானா எடுத்துக்கற மாதிரி இருக்கா, கையால வெச்ச மாதிரி இருக்கா?"

"கையாலன்னு இருக்குங்க."

"யார் கை?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் எல்லாக் கடிகாரங்களும் வேகமாக ஓடும். பக்கத்தை முடித்து அச்சுக்கு அனுப்பும் நேரத்துக்குப் பிந்திவிடக்கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த காலத்தில் முன்னே தள்ளி வைத்தது; ஓய்வுக்குப் பிறகும் மாற்றவில்லை. டிவி மூலையில் வரும் நேரம் மட்டும் சரியாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. தானாக நேரம் எடுப்பதை நிறுத்திவிட்டு, அதையும் முன்னே தள்ளி வைத்திருந்தேன். மின்சாரம் போய்ப் போய் வந்ததில் டிவி என் நேரத்தை மறந்து, தான் செய்யப்பட்ட ஆண்டுக்குப் போய்விட்டது. வேறொரு ஆண்டிலிருந்து வந்து தட்டுகிற டிவிக்குச் செயலி கதவைத் திறக்கவில்லை.

"லோகத்துக்கே டெட்லைன் வெச்சு நடத்தறான் இவன்" என்றார் சம்பத். மூத்த அக்கா சிரித்ததில் அவருக்குப் புரையேறியது. சரசு பொத்தானை அழுத்தினாள். நேரம் சரியானது, செயலி திறந்தது, கறுப்பு அங்கியில் என் மகள் மேடையேறினாள். சோபாவில் சம்பத்துக்கு இடம் கொடுத்திருந்தார்கள். நான் பின்னால் நின்றேன். கவிதா சான்றிதழ் வாங்கிய நொடியில் சரசு திரும்பி, "தெரியுதுங்களாண்ணா?" என்றாள். கேட்டது அவரிடம். பிறகு மகள் போனில் பேசியபோது முதல் கேள்வி, "டிவில வந்துச்சா? சம்பத் மாமா வந்தாரா? நெனச்சேன்."

அன்று ரிமோட்டைப் பிடித்த சரசு அதைக் கீழே வைக்கவில்லை. சம்பத் போகும் வீடுகளுக்குச் சில சமயம் அவளும் போனாள். அவர் கேட்கும் கேள்விகளை அவள் கொங்குத் தமிழிலும், தட்டுத்தடுமாறிய கன்னடத்திலும் கேட்டாள். அவர் ஊரில் இல்லாத நாட்களில் எங்கள் வீட்டுத் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. நான் ஓடிப்போய் எடுப்பேன். "சரசக்கா இருக்காங்களா?" என்பார்கள்.

சம்பத் என்னும் மனிதரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை எவை என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. திரையில் வரும் எழுத்தை முழுவதும் படிக்கிறேன். கோளாறு என்றால் முதலில் யார் மேல் என்று தேடாமல், எப்போதிலிருந்து என்று கேட்கிறேன். என் வீட்டுக் கடிகாரங்களில் டிவி மட்டும் சரியான நேரம் காட்டுகிறது. இவற்றோடு அவர் மேல் எனக்கு இருந்த பொறாமையும் இருக்கிறது. ஆள் போனதும் அது போய்விடும் என்று எண்ணியிருந்தேன். போகவில்லை. நல்ல நண்பனைப் பற்றி இவ்வளவு காலம் விடாமல் நினைக்க வைத்த ஒன்றை நானாக விடப்போவதும் இல்லை.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பிவிட்டார்கள். நேற்றுக் காலை வேதவல்லி கூப்பிட்டார்.

"அண்ணா, டிவில உபன்யாசம் வரமாட்டேங்கறது. அவரும் நானும் தெனம் கேட்டுண்டிருந்தது. பாதில நிக்கறது."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "கடைசியா எப்போம்மா ஓடிச்சு?"

"அவர் இருந்தப்போ."

அதற்குப் பிறகு வீட்டில் என்ன மாறியது என்று அடுத்துக் கேட்க வேண்டும். என்னால் கேட்க முடியவில்லை. "இதோ கிளம்பி வரேன்" என்றேன்.

"உங்களுக்கு எதுக்கண்ணா சிரமம். சரசு இல்லையா?"

"அக்கா மகன் கல்யாணத்துக்குக் கௌதள்ளிக்குப் போயிருக்கா."

"அப்போ அவசரமில்லை. அவ வரட்டும்" என்றார் வேதவல்லி.

இதை எழுதும்வரை அந்த வீட்டு டிவி ஓடவில்லை. சரசு வியாழக்கிழமை சாயங்காலப் பேருந்தில் வருகிறாள்.