ஜம்பு மரம் விழுந்த இடம்

தொழிற்சாலையில் வெந்நீர்க் குழாய் வெடித்து என் கணவரின் முகம் பாதி வெந்துபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் வெளியே கால்வைத்த ஒரே இடம் எங்கள் முன்தோட்டம்தான். புக்கிட் பெருவாங்கில் எங்கள் வீட்டு வேலியோரம் மா, ஜம்பு, ரம்புத்தான் என்று மூன்று மரங்கள் நெருங்கி நின்றன. அந்தப் பக்கம் சாலையும் பஸ் ஸ்டாப்பும். அவரோடு வேலை செய்தவர்கள் குருபோங் போகும் தொழிற்சாலை பஸ்ஸுக்கு அங்கேதான் காத்திருப்பார்கள். இலைகளின் மறைவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர்களுடைய பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பார். சில சமயம் தனக்குத்தானே சிரிப்பார்.

ஒருநாள் மதியம் அடித்த காற்றில் ஜம்பு மரம் வேரோடு சாய்ந்தது. மறுநாள் மாலை வழக்கம்போல நாற்காலியோடு போனவர், நேர் எதிரே ஒரு பெண் தன் குழந்தையின் கண்ணைப் பொத்துவதைப் பார்த்துவிட்டார். உள்ளே வந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டார்.

அதன்பின் சாப்பாட்டைக் கதவருகே வைத்துவிட்டு வருவேன். பாதி அப்படியே திரும்பி வரும். சவரப் பிளேடுகளை எடுத்து ஒளித்துவைத்தேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

"அந்த இடத்துல தகரம் அடிச்சிடலாங்க" என்றேன் கதவுக்கு வெளியே நின்று.

"அடிலா. அப்படியே மேலயும் மூடிடு. போலீஸ் லோக்காப் மாதிரியே இருக்கும்."

மரம்தான் வழி என்று தோன்றியது. எனக்கு மரங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆயர் குரோ போகும் வழியில் இருந்த நர்சரியில், என்னைவிட உயரமாக நின்ற நெட்டிலிங்கத்தைக் காட்டினேன். இலை உதிர்க்காது, ஒடுக்கமாக வளரும், நட்ட அன்றே மறைக்கும். நல்ல வெயில் வேண்டும் என்று நர்சரிக்காரச் சீன அம்மா மலாயில் சொன்னது என் காதில் ஏறவில்லை. எங்கள் மாவும் ரம்புத்தானும் மேலே ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. வெட்டவெளி அடியில் மட்டும்தான், மேலிருந்து வெயில் இறங்காது.

நட்ட கொஞ்ச நாளில் இலை பழுத்தது, பிறகு கொட்டியது. தண்டைப் பிடித்து ஆட்டினேன், கையோடு வந்துவிட்டது. குழி முழுக்க மாமரத்து வேர். அந்த மண்ணிலேயே உட்கார்ந்து அழுதேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது.

அதற்குப் பிறகுதான், பெரிய மரங்களுக்கு அடியில் எது பிழைத்திருக்கிறது என்று போகிற இடமெல்லாம் பார்க்கத் தொடங்கினேன். செலண்டாரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, கோயிலின் பின்னால் கிழட்டு மாமரத்து நிழலில் ஒன்று தரை வரைக்கும் அடர்ந்து நின்றது. கொழுந்து சிவப்பு. இலையைக் கசக்கினேன், பிரியாணி மணத்தது. பட்டை மரம்.

நர்சரியில் இடுப்புயரக் கன்றுதான் இருந்தது. வளர வருஷக்கணக்காகும் என்றார் அந்த அம்மா. "அவ்வளவு நாள் தாங்குவாரான்னு தெரியலயே" என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவருக்குப் புரியவில்லை. கன்றைத் தூக்கி என் கையில் வைத்தார்.

இந்த முறை குழியை அகலமாக வெட்டி, நுழைந்திருந்த வேர்களை நறுக்கிவிட்டு நட்டேன். ஒருநாள் தண்ணீர் ஊற்றும்போது ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"ஏய், தண்டுல ஊத்தாத. சுத்தி ஊத்து."

திரும்பினேன். திரை மூடியிருந்தது. அந்த வருஷமும் அவர் வெளியே வரவில்லை, அடுத்த வருஷமும் வரவில்லை. அவர் சாப்பிடாத நாட்களில் கன்றின் அருகே போய் நின்று, என் உடம்பில் எது வரைக்கும் வந்திருக்கிறது என்று பார்ப்பேன். சில நாள் அதைப் பிடுங்கி எறிய வேண்டும்போல் இருக்கும்.

பிறகு, கடலுக்கு அந்தப் பக்கம் காடு எரிந்து, அந்தப் பெரிய புகைமூட்டம் வந்தது. சாலையே தெரியவில்லை. பஸ் ஸ்டாப்பில் எல்லோரும் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு நின்றார்கள். ஒரு மாலை அவர் ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு, இருமிக்கொண்டே வெளியே வந்தார். நான் மூச்சுவிடவும் பயந்தேன். தினமும் வந்தார். மழை பெய்து புகை விலகிவிடக் கூடாதே என்று, ஊரே மழைக்கு வேண்டிக்கொண்டிருந்தபோது, நான் வேறு விதமாக வேண்டிக்கொண்டேன்.

மழை பெய்தது. எதிரே பஸ் ஸ்டாப் பளிச்சென்று தெரிந்தது. பட்டை மரம் என் நெஞ்சுயரம்தான் இருந்தது. அவர் வாசலில் வெகுநேரம் நின்றார். பிறகு குனிந்தபடியே போய், மரத்தின் பின்னால் நாற்காலியை இப்படியும் அப்படியும் நகர்த்தி உட்கார்ந்தார். முகத்தில் துண்டு இல்லை.

"உக்காந்தா தெரியாது. நின்னா தெரியும்" என்றார்.

"அப்போ நிக்காதீங்க" என்றேன்.